சூரியனுக்குப் போட்ட நாமம்

நூம்பலில் எங்கள் தெருவுக்கு அப்போது கரண்ட் கம்பம் வரவில்லை. மனு கொடுத்து அலுத்துப்போன அப்பா, ஒரு சோலார் பிளேட் வாங்கி வந்து கூரைமேல் பொருத்தினார். அது பகலில் பேட்டரியை ஏற்றும். சாயங்காலம் வீட்டில் சின்ன டியூப்லைட் எரியும். ஒரு மாதமாக நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கைத் தொடவே இல்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் லைட் மங்கியது. அதற்கடுத்த நாள் எரியவே இல்லை.

"இன்னா மாமே, சூரியனுக்கு லீவா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுத் துலுக்கானம் மாமா.

அப்பா சிரிக்கவில்லை. "காலைல கழட்டி கடைலயே குடுத்துட்றேன்" என்றார். அம்மா பழைய விளக்கைத் துடைக்க எடுத்தாள்.

பூஜையன்று எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைக்கச் சொன்னார்கள். நான் ஏணியில் ஏறி, பிளேட்டின் கண்ணாடி முழுக்க, திருமண்ணைக் குழைத்துப் பெரிய நாமமாகவே போட்டிருந்தேன். வெயில் பட்டால்தான் பேட்டரி ஏறும் என்பது இப்போதுதான் உறைத்தது.

காலையில் அப்பா ஸ்பேனரோடு ஏணியைச் சாத்தினார். நான் ஈரத்துணியை நீட்டினேன்.

"நாமம் நான்தாம்ப்பா போட்டேன்."

புரியாமல் மேலே ஏறியவர் அங்கிருந்தே கத்தினார். "டேய் துலுக்கானம்! எம்பொண்ணு சூரியனுக்கே நாமம் போட்டுகீதுடா!"

அன்று சாயங்காலம் லைட் எரிந்தது. அடுத்த வருடம் பிளேட்டின் இரும்புச் சட்டத்தில் மட்டும் ஒரு சின்னப் பொட்டு வைத்தேன்.