வேரில் கலந்த பேச்சு

பிலோமின்ராஜ் வயலில் பிடுங்கிய நெல் வேரைக் கழுவி, அரைத்து, டி.என்.ஏ. எடுப்பார். அதிலிருந்து வரும் கோடிக்கணக்கான எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, வேருக்குள் எந்தெந்த பாக்டீரியா குடியிருக்கிறது என்று நான் சொல்வேன். அவருக்கு லேப் திருச்சியில், எனக்கு மேஜை ஸ்ரீரங்கத்து வீட்டில். நடுவே காவிரிப் பாலம், அதைவிட முக்கியமாக ஒரு போன். அரைக்கும்போது ஸ்பீக்கரில் போட்டுக்கொள்வார். எந்த டியூபில் எந்த வயல் என்று அவர் சொல்லச் சொல்ல நான் பதிந்துகொள்வேன். அது ஐந்து நிமிட வேலை. மிச்ச நேரமெல்லாம் அரட்டை. அந்த அரட்டை இல்லாத நாள் எனக்கு விடிந்த மாதிரியே இருக்காது.

ஹைதராபாத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் விளம்பரம் கொடுத்திருந்தது. லேப் ஆள் ஒருவர், கம்ப்யூட்டர் ஆள் ஒருவர், ஏற்கனவே சேர்ந்து வேலை செய்தவர்களாக ஜோடியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் அவ்வளவு ஆசையாகப் படித்ததில்லை. ஒரே கட்டடம், ஒரே கேன்டீன், நேருக்கு நேர் பேச்சு. அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். நானே கேட்டிருக்கலாம்தான். வாய் வரவில்லை.

இதற்கிடையில் மண்ணச்சநல்லூர் வயல்களின் டேட்டா வந்தது. திறந்து பார்த்தால், நெல் வேரில் மனித வாயில் வாழும் பாக்டீரியா. நெல்லுக்கு ஏது வாய்? தேதிவாரியாகப் பிரித்தேன். அக்கா கல்யாணத்துக்காக நான் லீவு போட்ட வாரத்து மாதிரிகள் படு சுத்தம். நாங்கள் போனில் பேசிய நாட்களில் எடுத்தவை எல்லாவற்றிலும் அவர் எச்சில் தெறித்திருந்தது. கோபப்பட வேண்டியவள், வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

உடனே போன் செய்தேன். "மாஸ்க் போடலையா நீங்க?"

"மாஸ்க் போட்டுப் பேசினா சரியா கேக்கலைன்னு நீங்கதானே சொன்னீங்க ஜாஹ்னவி? அதான் கழட்டிட்டேன்."

சொல்லியிருந்தேன். இதுதான் சமயம் என்று தோன்றியது.

"ஹைதராபாத் விளம்பரம் பாத்தீங்களா?"

"பாத்தேங்க. அப்ளை பண்ணி இன்டர்வியூவும் முடிஞ்சு, இன்னைக்குக் காலைல ஆர்டர் வந்திருச்சு. எனக்கும் கனிஷ்காவுக்கும்."

கனிஷ்கா, அவர் லேபுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து நான் செய்யும் வேலையையே செய்கிற பெண்.

"என்னைக் கேக்கவே இல்லையே?" சிரித்தபடிதான் கேட்டேன்.

"உங்களையா? லேப் மீட்டிங்குக்குக் கூப்பிட்டாலே, ரங்கனை விட்டு நகர மாட்டேன், பாலம் தாண்ட மாட்டேம்பீங்க. கூப்பிட்டுச் சங்கடப்படுத்த வேணாமேன்னு விட்டுட்டேன்."

எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வதுதான் அது. ரங்கனை விட்டு நகர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே கலிஃபோர்னியாவில் வீடு வாங்குவார்கள். பாவி மனுஷன் அதைப் போய் நம்பியிருக்கிறார். ஹைதராபாத் என்ன, அவர் கூப்பிட்டிருந்தால் எங்கே வேண்டுமானாலும் கட்டின துணியோடு கிளம்பியிருப்பேன்.

"கங்கிராட்ஸ்" என்றேன்.

"தேங்க்ஸ்ங்க. கெட்டுப்போன சாம்பிளெல்லாம் மறுபடி எடுத்துக் குடுத்துட்டுத்தான் கிளம்புவேன். கவலையே படாதீங்க. இந்தத் தடவை மாஸ்க் போட்டுக்கறேன், உங்களுக்குப் போனும் பண்ண மாட்டேன்."

இந்த வேலையில் இருப்பவள் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்.

"ஆமா, பண்ணாதீங்க" என்றேன்.