இன்ஜெக்டரின் இரண்டு பக்கம்

வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது அதற்குப் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. டர்போ காற்றைத் திணிக்கும்போதோ குறைவாகப் போகிறது. இரண்டு நேரத்திலும் அதே இன்ஜெக்டர், அதே கணக்கு. ஒரே கணக்கு ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் எப்படிப் பிசகும்? ஐயம்பேட்டைப் பட்டறையில் கிரேஸ் நான்கு நாளாக இதோடு மல்லுக்கு நின்றாள்.

வெறும் புதிர் என்றால் விட்டுத் தொலைத்திருப்பாள். மூன்று வாரத்துக்கு முன்பு அவளுடைய கூட்டாளி தேவேந்திரன் இந்தச் சின்னக் காரை வாலாஜாபாத் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது பிஸ்டன் ஒன்று உருகிப்போனது. இன்ஜின் இறுகி, வண்டி புளியமரத்தில் மோதி, அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. வண்டியின் கணினியில் பெட்ரோல் அளவை எழுதியவள் கிரேஸ். "கணக்கு சரியா இருக்குது, தைரியமா ஓட்டுப்பா" என்று சாவியைக் கொடுத்தவளும் அவள்தான். பிஸ்டனை உருக்கியது தன் கணக்கா என்று தெரியாமல் இன்னொருவரை இனி எந்த வண்டியிலும் உட்காரவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வேறு இன்ஜினை ஏற்றியாயிற்று. சக்கரங்களை உருளை மேல் ஓடவிட்டு, புகைக்குழாயில் அளவி பொருத்தி, டர்போவைச் சில நொடி மட்டும் ஏற்றிப் பார்த்தாள். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.8 பங்கு காற்று இருக்க வேண்டிய இடத்தில் 13.2 என்று காட்டியது. டர்போ வேலை செய்யும்போது பெட்ரோல் இவ்வளவு குறைந்தால் இன்ஜினுக்குள் சூடு எகிறும், பிஸ்டன் தாங்காது.

தூளிக்கட்டில் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த தேவேந்திரன் சொன்னான்: "கொஞ்சம் ஏத்தி எழுதிடேன் கிரேஸு. இன்னா இப்ப?"

"இன்ஜெக்டர் இப்பவே நூத்துல எம்பத்தஞ்சு பங்கு நேரம் தொறந்துக்கினு இருக்குது. ஏத்துனா தொண்ணூத்தஞ்சு. மூடித் தொறக்கவே நேரம் இருக்காது. மார்கழிக் குளிர்ல காத்து அடர்த்தியா வரும், இன்னும் பெட்ரோல் கேக்கும். எங்கேர்ந்து குடுக்கறது?"

இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு குட்டிக் குழாய். முழுக்கத் திறந்தால் நிமிடத்துக்கு எத்தனை மில்லி விடும் என்பதே அதன் கொள்ளளவு. பழையது நூற்றைம்பது விடும். டர்போவுக்கு அது போதாதென்று இருநூற்று நாற்பது விடுவதை வாங்கிப் போட்டிருந்தாள். அட்டைப்பெட்டியில் அச்சடித்ததை நம்பாமல், தேவேந்திரனின் அக்கா ஏலவார்குழலியிடம் அளவு ஜாடி வாங்கி, இன்ஜினில் உள்ள நான்கு இன்ஜெக்டரையும் தனித்தனியே அளந்தாள். சொட்டு பிசகவில்லை.

அந்த ஜாடியைக் கேட்டுத்தான் ஏலவார்குழலி அன்று வந்தாள். பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவள். முழங்கைவரை அரக்குச் சிவப்பு.

"என் தம்பி எலும்பத்தான் ஒடச்சிட்ட. ஜாடியாவது முழுசா இருக்குதா?"

"சும்மா இரு, அக்கா" என்றான் தேவேந்திரன்.

கிரேஸ் ஜாடியைத் துடைத்து நீட்டினாள். "ரெண்டு வாட்டி அளந்தேங்கா. ஒண்ணும் தப்பில்ல."

"எப்பிடி அளந்த?"

"ஜாடி வாய்க்கு மேல இன்ஜெக்டர மாட்டி, ஒரு நிமிஷம் ஊத்த உட்டேன்."

"நான் ஒரு கழி பட்டு நூல சாம்பிள் போட்டா, தொட்டில இருக்குற அதே தண்ணி, அதே சூட்டுலதான் போடுவேன். டம்ளர்ல பச்சத்தண்ணில முக்கிட்டு, கல்யாணப் பொடவைக்கு நெறம் இதான்னு சொன்னா செருப்பாலயே அடிப்பாங்க. உன் இன்ஜின்ல இந்த மாதிரி தொறந்த ஜாடியா இருக்குது?"

கிரேஸ் மடிக்கணினியைத் திறந்து அளவி காட்டிய பிழைகளைக் காற்றழுத்த வரிசையில் அடுக்கினாள். இன்ஜினுக்குக் காற்று போகிற, இன்ஜெக்டர் பெட்ரோல் விடுகிற உள்குழாயின் அழுத்தம் வெளிக்காற்றுக்குச் சமமாக இருந்த இடத்தில் பிழை சுழியம். அதற்குக் கீழே பெட்ரோல் கூடுகிறது, மேலே குறைகிறது.

பெயிண்ட் அடிக்கும் இரும்புக் கலனில் இன்ஜெக்டரை இறுக்கி, கம்ப்ரசரால் உள்ளே டர்போ தரும் அளவான 0.6 பார் அழுத்தத்தில் காற்றை நிறுத்தி, இன்ஜெக்டர் சுத்தம் செய்யும் திரவத்தைப் பெட்ரோலைப் போலவே மூன்று பாரில் ஒரு நிமிடம் விட்டாள். பிறகு கலனைத் திறந்து ஜாடியில் ஊற்றினாள். ஏலவார்குழலி குனிந்து, திரவ மட்டத்தின் அடிவளைவைப் பார்த்துப் படித்தாள்.

"எரநூத்திப் பதினஞ்சு."

பெட்ரோல் பின்னாலிருந்து மூன்று பாரில் தள்ளுகிறது, எதிரே 0.6 பார் காற்று தடுக்கிறது. மிஞ்சுவது 2.4. மெதுவாக ஓடும்போது உள்குழாய் உறிஞ்சுவதால் அதுவே 3.6. இன்ஜெக்டர் விடும் அளவு இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. அவள் ஒரு பக்கத்தை மட்டும் அளந்திருந்தாள்.

"என் தப்புதான் தேவா" என்றாள். "வண்டிய உன்கிட்ட குடுத்திருக்கவே கூடாது."

அவன் தூளிக்கட்டைச் சரிசெய்துகொண்டான். "இப்பவாச்சும் தெரிஞ்சுதே. ஆவறதப் பாரு."

ஏலவார்குழலி ஜாடியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் டேங்கிற்குள் நிலையாக மூன்று பார் வைத்திருந்த அழுத்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, இன்ஜின் பக்கத்தில் வேறொன்றைப் பொருத்தினாள். அதிலிருந்து உள்குழாய்க்கு ஒரு மெல்லிய ரப்பர் குழாய். மிச்சப் பெட்ரோல் டேங்கிற்குத் திரும்ப இன்னொன்று. காற்று 0.6 ஏறினால் பெட்ரோலும் 3.6க்கு ஏறியது, காற்று இறங்கினால் அதுவும் இறங்கியது. இன்ஜெக்டர் வழியே வித்தியாசம் எப்போதும் மூன்று பார். எழுதிய கணக்கில் ஓர் எண்ணையும் அவள் மாற்றவில்லை. உருளை மேல் டர்போ முழுதாக ஏறியபோது அளவி 11.8 காட்டியது, இன்ஜெக்டர் எண்பத்தைந்திலேயே நின்றது.