படிவத்தில் பனிக்குக் கட்டம் இல்லை

1

இந்தக் கதை ஒரு பரண் கதவிலிருந்து வந்தது. சரியாகச் சொன்னால், பரண் கதவு இல்லாத ஓர் உட்கூரையிலிருந்து. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் வீடு வீடாகப் போய், எந்த வீடு எவ்வளவு சூட்டை வீணாக்குகிறது என்று மதிப்பெண் போடுவது என் தொழில். கதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “பனி மூடிய அந்தக் கல்வீடு தனக்குள் ஒரு ரகசியத்தை”

வேண்டாம். வீட்டுக்குள் இருந்தது வாடகைக்குக் குடியிருக்கும் எழுபது வயது முரியலும் அவருடைய பியானோவும்தான். இரண்டுமே ரகசியம் காக்கத் தெரியாதவை.

2

விதியைச் சொல்லிவிடுகிறேன், சொல்ல எனக்குப் பிடிக்கும். தரம் ஏ முதல் ஜி வரை. ஈ-க்குக் கீழே போனால் வாடகைக்கு விடக்கூடாது. சூடான காற்று மேலே ஏறும். உட்கூரைக்கும் ஓட்டுக்கூரைக்கும் நடுவே உள்ள பரணில் கண்ணாடிப் பஞ்சு விரித்திருந்தால் சூடு அங்கே தடைபடும். (தடுப்பது கண்ணாடி அல்ல, இழைகளுக்குள் சிக்கி அசையாமல் நிற்கும் காற்று! இதைப் பற்றி மூன்று பத்தி எழுதி, அடித்துவிட்டேன்.) பஞ்சை நான் பார்த்துப் படம் எடுக்க வேண்டும், அல்லது ரசீது வேண்டும். இரண்டும் இல்லையென்றால், நூற்றுமுப்பது வருட வீட்டின் பரணில் ஒன்றுமே இல்லை என்று மென்பொருள் முடிவுகட்டிவிடும்.

3

வீட்டுக்காரர் ஹெட்லி மாடிப்படி உச்சியில் பெருமையாக நின்றார்.

“பரண் கதவு எங்க?” என்றேன்.

“மூடிப் பூசிட்டேன் சார். நீங்க வர்றீங்கன்னுதான். அந்தக் கதவோட மரச்சட்டம் அசிங்கமா தெரிஞ்சுது. இப்ப பாருங்க, முட்டை ஓடு மாதிரி!”

“மேல பஞ்சு போட்டிருக்கீங்களா?”

“முழங்கை ஆழத்துக்கு!”

“ரசீது?”

ஹெட்லி மெதுவாக அண்ணாந்து பார்த்தார். “பரண்ல இருக்கு.”

கீழ்ப்படியிலிருந்து முரியல் சிரித்தார். “பதினோரு வருஷமா நான் சொன்ன ஒரு ஓட்டையையும் நீ அடைச்சதில்ல ஹெட்லி. அடைச்சது ஒண்ணே ஒண்ணு. அதுவும் திறந்திருக்க வேண்டியது.”

என் டேப்லெட் முப்பத்தொன்று காட்டியது. எஃப். ஈ-க்கு முப்பத்தொன்பது வேண்டும்.

“எஃப்னா வித்துட வேண்டியதுதான் முரியலம்மா. வேற வழியில்ல” என்றார் ஹெட்லி.

“நான் எங்கப்பா போவேன்? பியானோ வந்த பெரிய ஜன்னலை எடுத்துட்டு, ரெட்டைக் கண்ணாடின்னு சின்னதா ஒண்ணு வெச்சே. இனி அது வெளிய வராது. அது வராம நானும் வர மாட்டேன்.”

[ஹெட்லியைக் கஞ்சனாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அந்தப் பூச்சு உண்மையிலேயே அழகு. அவர் வாழ்நாளில் பூசிய முதல் பூச்சு.]

4

முரியல் என்னைத் தெருவுக்கு இழுத்துப் போனார். பக்கத்துக் கூரைகளில் பனி உருகி ஓடுகள் கறுத்துக் கிடந்தன. இந்தக் கூரையில் மட்டும் வெள்ளை கெட்டியாக உட்கார்ந்திருந்தது.

“பாரு தம்பி. உள்சூடு மேல ஏறினா இது நிக்குமா?”

நிற்காது. அவருடைய விஞ்ஞானம் சரிதான்.

“ஆனா என் படிவத்துல பனிக்குக் கட்டம் இல்லையேம்மா.”

“கட்டம் இல்லையா? இரு.” சமையலறைக்குள் போய் ரொட்டிக் கத்தியோடு வந்தார்.

5

முடிவு ஒன்று: ஹெட்லி மறுக்கிறார். வீடு பியானோவோடு விற்பனைக்கு. முரியல்

(எழுத மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: நான் ‘பஞ்சு உண்டு’ என்று எழுதிவிடுகிறேன். பார்க்காததை எழுதினால் என் உரிமம் போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே அதற்கு அனுமதி.

நடந்தது இது. ஹெட்லி கத்தியை வாங்கிக்கொண்டு மாடியில் ஏணி போட்டு ஏறினார். “ஒரு தடவை தொட்டுக்கறேன்” என்று பூச்சைத் தடவினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு செருகி, ஒரு தலை நுழையும் அளவுக்கு அறுத்தார். வெள்ளைத் தூள் அவர் தலையில் கொட்டியது. நான் ஏணியில் ஏறி, டார்ச்சோடு தலையை ஓட்டைக்குள் நுழைத்தேன். ஏணியைப் பிடித்திருந்த முரியல் கேட்டார்:

“இருக்கா தம்பி?”

இங்கேயே நிறுத்துகிறேன். நான் பதில் சொன்னால் இது கதையல்ல, சான்றிதழ். நீங்கள் சொல்லுங்கள். உங்களிடம் படமில்லை, ரசீதில்லை. ஆனால் சற்று முன்பு என்னோடு தெருவில் நின்று அந்தக் கூரையைப் பார்த்தீர்கள். கட்டம் இல்லாதது என் படிவத்தில்தானே?