ஈரமான அச்சு

லண்டன் அறிவியல் கழகத்தின் கடிதத்தை ராவன்ஸ்வொர்த் பிரபு காலைச் சாப்பாட்டு மேசையில்தான் பிரித்தார். யார்க்ஷயரில் அவர் நிறுவிய பெரிய தொலைநோக்கிக்காகவும், இருபது வருஷமாக அறிவியலுக்கு வாரி வழங்கியதற்காகவும் தங்கப் பதக்கம் தருகிறார்களாம். மனைவி முகம் மலர்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரோ கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஓர் அக்டோபர் மாதம், அந்தத் தொலைநோக்கிக்கு ஒளியைப் பிடித்துத் தரும் உலோக ஆடியை மாளிகைக்குப் பின்னால் உலை மூட்டி வார்க்க ஏற்பாடாகியிருந்தது. வார்க்க வந்தவன் ஜெத்ரோ ஊத்வெயிட். தேவாலய மணிகள் வார்ப்பதில் அந்த வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. அவன் உலோகத்தை ஊற்றவேண்டிய மணல் அச்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

"இன்னும் ஈரம் இருக்குதுங்க. நாலு நாள் காயட்டும்."

"லண்டன்லேருந்து பன்னெண்டு பேர் வந்து உக்காந்திருக்காங்க ஜெத்ரோ. நாளைக்குக் கிளம்பிடுவாங்க."

"ஈரத்துக்கு லண்டன்காரங்களைத் தெரியாதுங்களே."

"நான் சொல்றேன். ஊத்து."

ஊற்றினான். உருகிய உலோகம் ஈரத்தைத் தொட்டதும் அச்சு வெடித்துச் சிதறியது. ஜெத்ரோவின் இரண்டு கண்களும் போயின.

மறுநாள் விருந்தாளிகளில் ஒருவர் கட்டிலருகே குனிந்து, அச்சு காயவில்லையா என்று கேட்டார். ஜெத்ரோ குடியிருந்ததோ பிரபு வாடகைக்கு விட்டிருந்த வீட்டில். "என் கணக்குத் தப்பிப்போச்சுங்க" என்றான். பிரபு ஓரடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பிறகு வேறொருவன் ஆடியை வார்த்தான். தொலைநோக்கி எழுந்தது, பேரும் வந்தது. ஜெத்ரோ வீட்டுக்கு மாதம் தவறாமல் கரியும் மாவும் போய்ச் சேர்ந்தன. பிரபு மட்டும் போகவில்லை.

இப்போது கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஜெத்ரோ கணப்பருகே உட்கார்ந்து, தடவித் தடவி உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி கெசையா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எனக்குப் பதக்கம் தர்றாங்க. அங்கே வச்சு உண்மையைச் சொல்லிடப் போறேன். உன் கண்ணு போனது என்னாலதான்."

ஜெத்ரோவின் கை நிற்கவில்லை. "கண்ணு போனாலும் காது இருந்துச்சுங்க. மணிக்குச் சுதி பாக்க அதுதானே வேணும்? பக்கத்து ஊர்த் தேவாலயத்துல மணி வார்த்தாங்க. கூட நின்னு கேட்டுச் சொல்றேன்னு போனேன். ஈரம் பாக்கத் தெரியாதவன் எதுக்குன்னுட்டாங்க. அப்புறம் நான் எங்கேயும் போகலை."

பிரபுவுக்கு இது தெரியாது. கண்களை மட்டும்தான் பறித்தோம் என்று பதினோரு வருஷமாக நினைத்திருந்தார்.

லண்டனில் சொன்னார். சபை எழுந்து நின்று கைதட்டியது. வேலைக்காரன் பிழையையும் தன் தலையில் ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மை என்றார் தலைவர். "இல்லை, நடந்ததே அதுதான்" என்று பிரபு மறுத்தார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். பத்திரிகையும் அப்படியே எழுதியது.

ஊர் திரும்பி ஜெத்ரோ வீட்டுக் கதவைத் தட்டினார். கெசையா பாதிக் கதவைத்தான் திறந்தாள்.

"பாதிரியார் பத்திரிகையை வாசிச்சுக் காட்டினார். போனப்போ இருந்ததைவிடப் பெரிய மனுஷரா வந்திருக்கீங்க." கோபமில்லாமல்தான் சொன்னாள். கதவு மூடிக்கொண்டது.

அந்த வாரமே பிரபு யார்க் நகரத்து மணிப் பட்டறை ஒன்றுக்குப் போனார். புகைக்கு நடுவே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜெத்ரோ சொன்னதையும் தான் சொன்னதையும் வார்த்தை மாறாமல் சொன்னார். யாரும் கைதட்டவில்லை.

"அக்டோபர் குளிருக்கு நாலு நாள்னா சொன்னாரு?" என்று கேட்டார் மேஸ்திரி. "சரியாத்தான் சொல்லியிருக்காரு."

மணல் சலித்துக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்தான். "அப்புறம் ஏன்யா ஊத்தச் சொன்னீங்க?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. "ஆளுங்க வந்திருந்தாங்க" என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பம் என்று அவர் காதிலேயே விழுந்தது. அவன் மறுபடி சல்லடையைக் கையிலெடுத்தான்.

திங்கட்கிழமை ஜெத்ரோவைப் பட்டறை வேலைக்கு அழைத்துப்போக மேஸ்திரி வண்டி அனுப்பினார். அன்றிலிருந்து ஜெத்ரோ வீட்டில் பிரபுவின் கரியை வாங்கவில்லை. குடியிருப்பையும் யார்க்குக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்த வசந்தத்தில் ஜெத்ரோ சுதி பார்த்த முதல் மணியை யார்க்கில் ஒரு தேவாலயக் கோபுரத்தில் ஏற்றினார்கள். பிரபு கூட்டத்தோடு கூட்டமாகத் தெருவில் நின்று கேட்டார். மனைவியின் கையைப் பிடித்தபடி, தலையைச் சாய்த்து மணியைக் கேட்டுக்கொண்டே ஜெத்ரோ அவரை உரசுவதுபோலக் கடந்துபோனான். கெசையா பிரபுவைப் பார்த்தாள், நடையை நிறுத்தவில்லை. கூப்பிடலாமா என்று பிரபுவின் வாய்வரை வந்தது. கூப்பிட்டு என்ன கேட்பது என்று தெரியாமல், அவர்கள் தெரு திரும்பும்வரை நின்றுகொண்டிருந்தார்.