லிஃப்ட்காரர் எடுத்த முதுகுப் படங்கள்

லிஃப்ட் பழுதுபார்ப்பவர் எடுத்த புகைப்படங்களில் யாருடைய முகமும் விழுந்ததில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றவர்கள்கூட, படத்தைக் கழுவி எடுத்தால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். பின்னாலிருக்கும் சுவரும் கதவும் நாள்காட்டியும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆட்கள் மட்டும் திரும்பியிருப்பார்கள்.

இது முதன்முதலாகத் தெரியவந்தது அவருடைய மகளின் நான்காவது பிறந்தநாளில். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மேற்பார்வையாளரிடம் பாதி விலைக்கு வாங்கிய கேமராவில் ஒரு சுருள் முழுக்க எடுத்துத் தள்ளியிருந்தார். ஸ்டூடியோக்காரர் படங்களை மேசைமேல் பரப்பி, "என்ன சார், வீட்ல எல்லாரும் உங்ககூட சண்டையா?" என்று கேட்டார். பிறகு கேமராவைத் திறந்து துடைத்து, அதிலேயே லிஃப்ட்காரரை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். மூக்கும் மீசையுமாக முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. கோளாறு கேமராவில் இல்லை என்பது அத்தோடு தீர்மானமாயிற்று. மனைவி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல் மருத்துவரிடம் வரிசை எண் கூப்பிடும் வேலை அவளுக்கு. பகலெல்லாம் பயந்த முகங்களாகவே பார்த்து அலுத்திருந்தாள். "விடுங்க, முதுகாவது வந்துச்சே" என்றாள்.

இரண்டு வருடம் படங்களை அலமாரிக்கு மேல் ஒளித்துவைத்திருந்தார். ஒருநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் புகைப்படச் சங்கத்துக்கு ஆறு படங்களை எடுத்துப்போனார். சங்கச் செயலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது உங்க பாணி. விட்டுடாதீங்க" என்றார். அந்த வார்த்தை அவர் தலைக்கு ஏறிவிட்டது. அதன்பிறகு வண்ணச் சுருளை விட்டுக் கறுப்பு வெள்ளைக்கு மாறினார். ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் விழும் காலை வெளிச்சத்துக்குக் காத்திருந்தார். படத்தில் பாதியை வெறும் சுவருக்கு விட்டார். லிஃப்டின் கம்பிவடம் தேய்வதை ஓசையிலேயே கண்டுபிடிக்கும் மனிதர், இப்போது பிடரி முடியையும் சட்டைக் காலரின் கசங்கலையும் துணிக்கடியில் தோள்பட்டை எலும்பு அசைவதையும் படித்தார். வங்கிக் காவலாளியும் புதுமணத் தம்பதிகளும் ஒரு நீதிபதியும்கூடத் தேடிவந்து தங்கள் முதுகை எடுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லோரையும்விட அதிகம் உட்கார்ந்தவள் மனைவிதான். அடுக்களை ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, "இடது தோளைக் கொஞ்சம் இறக்கு, மூச்சை விட்டுடாதே" என்பார். அவள் எதிரே, இரண்டு கை தூரத்தில், அவர் முகத்துக்கு நேராகத்தான் உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை, "என் முகத்தைப் பார்த்து ஒண்ணு எடுங்களேன்" என்றாள்.

"பார்த்துத்தானே எடுக்கறேன்" என்றார் அவர்.

மூன்று பேருமாக ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் கேட்டபோது அவருக்குச் சுருக்கென்றது. "ஊரே எங்கிட்ட வருது, நான் போய் இன்னொருத்தன் முன்னால நிக்கணுமா?" அவள் அதன்பிறகு கேட்கவில்லை. அந்த ஆண்டுதான், ஜன்னலோரம் இடது தோள் நூலளவு உயர்ந்திருக்கும் அவளுடைய முதுகுப் படத்துக்குச் சங்கத்தின் முதல் பரிசு கிடைத்தது.

பதினேழு ஆண்டுகள் கழித்து, மூன்று நாள் காய்ச்சலில் அவள் போய்ச்சேர்ந்தாள். செய்தித்தாள் அறிவிப்புக்குப் படம் கேட்டார்கள். வீட்டில் நானூற்றுச் சொச்சம் படங்கள் இருந்தன. முகம் இருந்தது வேலைக்கான அடையாள அட்டையில் மட்டும். கட்டைவிரல் அளவு, ஒரு கண்ணின்மேல் ரப்பர் முத்திரை. அதையே போட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து மகள் படங்களையெல்லாம் தரையில் பரப்பினாள். "இதுல அம்மா சிரிக்கறா, கழுத்து மடிப்பைப் பாருங்க. இதுல உங்கமேல கோவம்." ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், பரிசுப் படத்தைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டாள்.

"அன்னிக்கு அம்மா எதுக்குப்பா அழுதா?"

"அழுதாளா?"

"தோளைப் பாருங்கப்பா. அடக்கி அடக்கி அழுதிருக்கா. நீங்க எதிர்லதானே நின்னீங்க?"

அவர் படத்தை வாங்கி ஜன்னலுக்குப் பிடித்துப் பார்த்தார். அன்றைய வெளிச்சம் நினைவிருந்தது. கேமராவில் வைத்த அளவுகள் நினைவிருந்தன. மேகம் விலகக் காத்திருந்த நேரம்கூட நினைவிருந்தது. அவள் முகம் மட்டும் நினைவில் இல்லை. உலகத்தில் அந்த அழுகையை நேருக்கு நேர் பார்த்த ஒரே ஆள் அவர்தான். அவர் பார்த்தது தோளை. மகள் கீழே கிடந்த படங்களை அடுக்க ஆரம்பித்தாள். அவர் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

அவர் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அதன்பிறகு யார் வந்து உட்கார்ந்தாலும், கேமராவை மடியில் வைத்துக்கொண்டு முதலில் முகத்தைப் பார்த்தார். வந்தவர்கள் நெளியும்வரை பார்த்தார். படம் வழக்கம்போல முதுகாகவே வந்தது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால், "வலது புருவம் தூக்கல். பாதியில் நிறுத்திய சிரிப்பு" என்பதுபோல இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். ஜனங்கள் முன்பக்கம் பார்த்துவிட்டுப் பின்பக்கம் திருப்பிப் படித்தார்கள். புகைப்படம் என்றால் இப்படித்தான் என்று அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் நம்பி வளர்ந்தார்கள். பரிசுப் படத்தை அவ்வப்போது கவிழ்த்துவைத்துப் பென்சிலும் கையுமாக உட்காருவார். அதில் இதுவரை ஒரு வரியும் எழுதப்படவில்லை.