அழகின் தலையில் இருந்த பூ

தவக்காலத்துக்காக இண்டூர்ப் பக்கத்து மாதா கோயில் ஒன்றில் ஓர் இசை நாடகம். ஜெர்மன் இசையமைப்பாளர் ஹேண்டல் இருபத்திரண்டு வயதில் ரோமில் இசையமைத்ததை, பாடகர் குழுவை நடத்தும் ஃபிராங்க்ளின் தமிழாக்கியிருந்தான். பாத்திரங்கள் நான்கே: அழகு, இன்பம், காலம், உண்மை. இன்பத்திடம் மயங்கிக் கிடக்கும் அழகு, கடைசியில் காலத்துக்கும் உண்மைக்கும் பணிந்து அலங்காரத்தைத் துறக்கிறாள்.

அழகு வேடத்தில் பாடியவள் அருள்ராணி. கணவன் லாரி விபத்தில் போனதிலிருந்து அவள் பூ வைத்ததில்லை. நாடகத்துக்கு வைக்க வேண்டும் என்றபோது மாமியார் வேளாங்கண்ணி, "சாமி காரியந்தான, வச்சுக்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒத்திகை முழுக்கக் காகிதப் பூதான். நாடகத்தன்று ஃபிராங்க்ளின் மல்லிகைச் சரம் வாங்கி வந்தான்.

"கடைசிப் பாட்டுல இதைக் கழட்டி, காலம் நீட்டற கையில குடுத்துருங்கக்கா."

சரம் கையில் பட்டதும் அருள்ராணிக்குக் கணவனின் அடக்கத்தன்று நடந்தது நினைவுக்கு வந்தது. ஊர்ப் பெண்கள் சுற்றி நின்று, தலை நிறையப் பூ வைத்துவிட்டு, பிறகு பிடுங்கினார்கள். இன்று அதே பெண்கள்தான் எதிரே உட்காரப் போகிறார்கள்.

"பூவை மட்டும் கழட்ட மாட்டேன் தம்பி."

"அப்பறம் காலம் எப்படிங்கக்கா ஜெயிக்கும்?"

"கண்ணாடி, நகை எல்லாம் குடுத்தர்றேன். இது ஒருக்கா புடுங்குனதே போதும்."

காலம் வேடத்தில் நடிக்கும் மதலைமுத்து ஒட்டுத்தாடியைத் தடவிக்கொண்டார். "உடுப்பா. குடுத்ததை வாங்கிக்கறேன். எனக்கு இந்தத் தாடி நின்னாப் போதும்."

கடைசிப் பாட்டில் அருள்ராணி கண்ணாடியைத் தந்தாள். சங்கிலியையும் வளையலையும் தந்தாள். ஒத்திகைப் பழக்கத்தில் மதலைமுத்துவின் கை நீண்டபடியே நின்றது. அதே பழக்கத்தில் அவள் கையும் தலைக்குப் போனது. பெண்கள் பக்கம் பேச்சு அடங்கியது. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

முன்வரிசையில் இருந்த வேளாங்கண்ணி மருமகளை நேராகப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அருள்ராணி கையை இறக்கினாள். மதலைமுத்துவும் கையை மடக்கிக்கொண்டார். பூவோடு நின்றே அழகு பாட்டை முடித்தாள்.

வீட்டுக்கு நடக்கையில் கேட்டாள்: "அத்தை, இப்பக் கழட்டிரட்டுங்களா?"

வேளாங்கண்ணி நடையை நிறுத்தவில்லை.

"இருக்கட்டும். விடிஞ்சா அதுவா வாடிரும்."