ஒரு லிட்டர் ஆயில்

“தப்பு எங்க வண்டியோடதா, எங்க அப்பாவோடதா?”

ஒருநாள் ஒரு சின்னப் பெண் இப்படிக் கேட்டாள். கார் சர்வீஸ் சென்டரின் வாரண்டி கவுண்டருக்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்கால் போட்டு ஏறி, கண்ணாடியில் பேசுவதற்காக விட்டிருந்த வட்ட ஓட்டையில் வாயை வைத்துக் கேட்டாள். ஆறு வயது இருக்கலாம். பள்ளிச் சீருடை, ஒரு பக்கம் அவிழ்ந்த பின்னல். பக்கத்தில் நின்ற அப்பா, “சும்மா இரு, அத்தை வேலையா இருக்காங்கல்ல” என்று அவள் தோளைத் தொட்டார்.

கவுண்டருக்குள் இருந்தவளுக்குப் பேனா நின்றுவிட்டது. பதினோரு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கம்பெனி மூன்று முறை பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறது. இருநூறு பக்க விதிப்புத்தகத்தை அந்தக் கட்டடத்தில் முழுசாகப் படித்த ஒரே ஆள் அவள்தான். அந்த இருநூறு பக்கத்தையும் இந்தக் குழந்தை ஒரே வரியில் சொல்லிவிட்டாளே என்று நினைத்தாள். தப்பு வண்டியுடையது என்றால் கம்பெனி செலவு. ஓட்டியவருடையது என்றால் அவர் தலையில். அவ்வளவுதான் வாரண்டி.

“அதக் கண்டுபிடிக்கத்தாம்மா நான் உக்காந்திருக்கேன்” என்றாள்.

சொன்ன பிறகு வாய் கசந்தது. எந்தப் பக்கம் கண்டுபிடிக்கச் சொல்லிச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் தலைக்கு மேலே சுவரில் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் தொங்கியது. வட்டாரத்திலேயே மிகக் குறைந்த வாரண்டிச் செலவு செய்த பிரிவு என்று பாராட்டி, அவள் படத்தையும் ஓரத்தில் அச்சடித்திருந்தார்கள். வீட்டில் கணவர் அதை வைத்தே கிண்டல் செய்வார். “நல்லவேளை, கல்யாணத்துக்கு வாரண்டி கேட்டு உன் கவுண்டருக்கு வரல. அன்னிக்கே திருப்பி அனுப்பியிருப்ப.” அவளும் சிரிப்பாள். ஆனால் தினமும் காலையில் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: கடவுளே, இன்னிக்கு யாரையும் அழ வைக்காம வீட்டுக்குத் திரும்பணும். பாதி நாள் அந்த வேண்டுதல் பலிக்காது.

குழந்தையின் அப்பா வாடகைக் கார் ஓட்டுபவர். ஒரு அலுவலகத்து ஆட்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் திரும்பக் கூட்டி வருவார். நடுவில் கிடைக்கிற சவாரி ஓட்டுவார். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் பகல் வேலை. அதனால் பள்ளி விட்டதும் பெண் பின்சீட்டில் ஏறிக்கொள்வாள். அவருடைய வெள்ளை வண்டி ஆயில் குடித்தது. ஊற்ற ஊற்றக் குறைந்தது. பின்னால் நீலமாகப் புகை வந்தது. வெளியே ஒரு பட்டறையில் காட்டியதில், பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு வண்டியையே விற்றுவிடலாம்.

வாரண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் வரைக்கும். மீட்டரில் தொண்ணூற்றெட்டாயிரத்து இருநூறு.

இதற்கு ஒரு சோதனை உண்டு. பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயிலைக் கோடு வரைக்கும் நிரப்புவார்கள். ஊற்றும் மூடி, அளவு பார்க்கும் கம்பி, அடியில் வடிக்கும் போல்ட் மூன்றிலும் மஞ்சள் சீல் ஒட்டி அவள் கையெழுத்துப் போடுவாள். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரவேண்டும். ஒரு லிட்டருக்கு மேல் குறைந்திருந்தால் தப்பு வண்டியுடையது. கம்பெனி இன்ஜின் வேலையைச் செய்து தரும்.

“இன்னொரு தடவை டெஸ்ட் பண்ண கிலோமீட்டர் இல்ல. லட்சத்தத் தாண்டிட்டா நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது” என்றாள். “சீல்ல கை வைக்காதீங்க. என்ன ஆனாலும் ஆயில் ஊத்தாதீங்க.”

“மூடியப் பாக்கக்கூட மாட்டேன் மேடம்” என்றார் ஓட்டுநர்.

பதினெட்டு நாள் கழித்து வந்தார். மீட்டரில் தொண்ணூற்றொன்பதாயிரத்து எழுநூறு. மூடியிலும் கம்பியிலும் இருந்த சீல்கள் கிழிந்து, பிசின் வைத்துத் திரும்ப ஒட்டப்பட்டிருந்தன. அவளுடைய கையெழுத்தின் வால் கோணலாகப் போயிருந்தது. ஆயிலை வடித்து அளந்தபோது அறுநூறு மில்லிதான் குறைந்திருந்தது.

மேனேஜர் சீலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “நிறைய குறைஞ்ச மாதிரி காட்டணும்னு நீங்களே தொறந்து கொஞ்சம் எடுத்திருக்கீங்க.”

“நான் தொறக்கல சார்.”

“அப்ப காத்து தொறந்துச்சா?”

“எடுக்கறவன் எதுக்கு சார் அறுநூறு எடுக்கணும்? இன்னொரு அரை லிட்டர் சேத்து எடுத்தா எனக்கு இன்ஜினே கெடச்சிருக்குமே.” ஓட்டுநர் சத்தம் போடவில்லை. பெண்ணின் கையைப் பிடித்தபடியே பேசினார். “என்னத் திருடன்னு சொல்றீங்க, சரி. ஒழுங்கா திருடக்கூடத் தெரியாதவன்னுமா சொல்லணும்?”

யாரோ சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

“நடுவுல ஒரே ஒரு தடவ பானெட்டத் தொறந்தாங்க. அதுவும் இங்கதான். பிரேக்ல சத்தம்னு பதினாலாந்தேதி வந்தேன்” என்றார்.

மேனேஜர் அன்றைய சர்வீஸ் கார்டை எடுக்கச் சொன்னார். பிரேக் பேட் மாற்றியது, இலவசப் பத்து அம்சப் பரிசோதனை செய்தது என்று இருந்தது. ஆயிலைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ரிஜெக்ட் லெட்டர் அடிச்சு வைம்மா” என்று அவளிடம் சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில், “மூஞ்சியப் பாத்து இரக்கப்பட்டா நாம சத்திரம்தான் நடத்தணும்” என்றார்.

ஓட்டுநர் வண்டியை யார்டில் விட்டுவிட்டுப் போனார். பெண் அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. போகும்போது திரும்பி அவளைப் பார்த்தாள், அவ்வளவுதான். பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பாள். தப்பு அப்பாவுடையது.

பதினாலாம் தேதி அவள் விடுப்பில் இருந்தாள். மறுநாள் காலையில் வந்ததும் அந்தத் தேதியின் ஸ்டோர் சீட்டுகளைப் புரட்டினாள். பரிசோதனைப் பகுதிக்கு ஒரு லிட்டர் ஆயில், அந்த வெள்ளை வண்டியின் எண், அதன் கீழே மசி படிந்த ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ரிங் மாஸ்டர் என்று பட்டறையே கூப்பிடும் மெக்கானிக்கின் கையெழுத்து அது. பிஸ்டன் ரிங் போடுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது என்பதால் வந்த பெயர். இப்போது அவர் ரிங் போடுவதில்லை. ஷெட்டின் கடைசியில் இருக்கிற பரிசோதனைப் பகுதியில் டயருக்குக் காற்று அடிக்கிறார், கண்ணாடி துடைக்கும் தண்ணீர் நிரப்புகிறார். “சர்க்கஸ் போச்சு, பலூன்தான் மிச்சம்” என்று மற்றவர்கள் சீண்டினால், “காத்து இல்லாம உன் சிங்கம் ஒரு அடி நகருமாடா” என்பார்.

அவள் போனபோது அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், பதினாலாந்தேதி அந்த வெள்ள வண்டிக்கு ஆயில் ஊத்துனீங்களா?”

“ஊத்துனேன்.”

“சீல் இருந்திருக்குமே.”

“இருந்துச்சு. பாத்துட்டுத்தான் கிழிச்சேன்.” அவர் நிமிரவில்லை. “கம்பி நுனியில ஒரு பொட்டு ஒட்டியிருந்துச்சு தங்கச்சி, அவ்ளோதான். பின்னாடி அந்தப் பொண்ணு உக்காந்து என்னமோ பாடிட்டிருக்கு. மெயின் ரோட்ல போறப்ப இன்ஜின் பிடிச்சு வண்டி நின்னா, பின்னால வர்ற லாரிக்காரன் என்ன பண்ணுவான்? எனக்கு வேற ஒண்ணும் தோணல.”

“அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னா வேணாம்பான். டெஸ்டு டெஸ்டுன்னு அப்படியே ஓட்டிட்டுப் போவான். பயந்தவனுக்கு எங்க புத்தி வேல செய்யும்.” காற்றுக் குழாயைப் பிடுங்கி மூடியைத் திருகினார். “ஊத்திட்டு, சீலத் திரும்ப ஒட்டிட்டு, இத எப்படி எழுதறதுன்னு தெரியாம விட்டுட்டேன். அதுதான் தப்பு. நேத்து அவன் மேனேஜர் முன்னாடி நின்னப்ப இங்கேருந்து பாத்தேன். கால் நகரல.”

அவள் கையிலிருந்த ஸ்டோர் சீட்டை அவர் எட்டிப் பார்த்தார்.

“என் பேரையே எழுதிடு தங்கச்சி. சீல உடைச்சது நான்னு எழுது. என்ன செஞ்சிருவான், வீட்டுக்கு அனுப்புவான். அனுப்பட்டும்.”

வீட்டில் அவருக்கு யார் யார் என்று அவளுக்குத் தெரியும். படுக்கையில் கிடக்கும் மனைவி. கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்ட மகள். அனுப்பட்டும் என்று சொல்லும்போது அவர் கை அந்த மூடியைத் தேவைக்கு மேல் இறுக்கிக்கொண்டிருந்தது.

அவர் இந்த மூலைக்கு எப்படி வந்தார் என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரே வாரத்தில் பிரித்த இரண்டு இன்ஜின்களின் எண்களை அவள் படிவத்தில் மாற்றி எழுதிவிட்டாள். கம்பெனி இரண்டு கோரிக்கைகளையும் திருப்பி அனுப்பியது. அந்தச் சமயம் அவள் கணவருக்கு வேலை போயிருந்தது. வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. மேனேஜர் எல்லோரையும் நிறுத்திக் கேட்டபோது, அவள் வாயைத் திறக்கும் முன்பே ரிங் மாஸ்டர், “நம்பரப் படிச்சுச் சொன்னது நான்தான் சார், மாத்திச் சொல்லிட்டேன்” என்றார். அவர் எதையும் படித்துச் சொல்லியிருக்கவில்லை. மறுநாளே இன்ஜின் பிரிவிலிருந்து எடுத்து இங்கே போட்டுவிட்டார்கள். அதன் பிறகு இருவரும் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், குழந்தைகளின் காய்ச்சலைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அதை மட்டும் பேசியதில்லை. நன்றி சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் நன்றிகூடச் சொல்லவில்லை. மனுஷர் மேலே இருக்கிற கடனைக் கடவுளிடம் சொல்லிச் சொல்லிக் கழித்துக்கொண்டிருந்தாள். அது கழியவில்லை.

“சாப்பிடப் போங்க மாஸ்டர். நான் பாத்துக்கறேன்” என்றாள்.

மதிய இடைவேளை. ஷெட்டில் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மேனேஜர் வெளியே போயிருந்தார். இரண்டு மணிக்கு வருவார். வந்ததும் கடிதத்தைக் கேட்பார். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் தள்ளி வைத்தாள். விதிப்புத்தகத்தின் நூற்று எழுபத்திரண்டாம் பக்கம் அவளுக்கு மனப்பாடம். சோதனைக்கு நடுவே சர்வீஸ் சென்டரே ஆயில் ஊற்றியிருந்தால், ஊற்றிய அளவைக் குறைந்த அளவோடு கூட்டிப் பார்க்கலாம். அதற்குப் பொறுப்பானவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் கம்பெனியின் விருப்பம். இந்தப் பக்கத்தை இதுவரை எந்த வாடிக்கையாளருக்கும் அவள் காட்டியதில்லை. காட்டாமல் இருந்ததற்குத்தான் சுவரில் அந்தச் சான்றிதழ்.

அறுநூறும் ஆயிரமும் ஆயிரத்து அறுநூறு.

கோரிக்கைப் படிவத்தைக் கணினியில் திறந்து மூன்று வரி அடித்தாள். பதினாலாம் தேதி எங்கள் சர்வீஸ் சென்டரில் சீல் அகற்றப்பட்டு ஒரு லிட்டர் ஆயில் ஊற்றப்பட்டது. மெக்கானிக் தொலைபேசியில் என்னைக் கேட்டபோது நான் அனுமதி கொடுத்தேன், கார்டில் பதிவு செய்யாமல் விட்டதும் நானே. இதில் வாடிக்கையாளர் தவறு எதுவும் இல்லை.

மூன்றில் இரண்டு உண்மை, நடுவில் இருப்பது பொய். அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பொய் சொல்லக் கூடாது என்றுதான் வளர்த்தார்கள், பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறாள். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்காக ஒருவர் சொன்ன பொய்க்கு, அந்த வரி சரியாக அதே அளவில் இருந்தது. மேலே இருக்கிறவர் கேட்டால் அங்கே பதில் சொல்லிக்கொள்ளலாம். இங்கே மேனேஜர் கேட்பார். என்ன நடக்கும் என்பதும் தெரியும். அடுத்த வாரம் இந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருக்கலாம். கணவருக்கு இப்போது வேலை இருக்கிறது, ஆனால் அது அப்படியொன்றும் நிலையான வேலை இல்லை.

ஸ்டோர் சீட்டைப் படமெடுத்து இணைத்தாள். அனுப்பு என்ற இடத்தில் அழுத்தினாள். திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, தங்கள் கோரிக்கை பெறப்பட்டது, பத்து வேலை நாட்களில் பதில் கிடைக்கும் என்று வந்தது. சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. சாப்பாட்டு அறையிலிருந்து ரிங் மாஸ்டர் எதற்கோ சிரிப்பது கேட்டது. அவரிடம் சொல்லப்போவதில்லை.

வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது. யார்டில் நின்ற வெள்ளை வண்டியின் பின்கதவுக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. இங்கே நிற்கிற வண்டிகளின் கண்ணாடியை ஏற்றுவது அவள் வேலையில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். கதவு பூட்டாமல் இருந்தது, திறந்தாள். சீட்டின் ஓரம் அதற்குள் நனைந்திருந்தது. முந்தானை நுனியால் துடைத்தாள். கண்ணாடியை ஏற்றுவதற்குக் கைப்பிடிதான். சுற்றச் சுற்ற முனகிக்கொண்டே ஏறி, மேலே ஒரு விரல் கனம் இருக்கும்போது நின்றுவிட்டது. வெளியே நின்றபடி, ஒரு உள்ளங்கையால் கண்ணாடியை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் கைப்பிடியை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். மழை வலுத்துக்கொண்டிருந்தது.